ஜின்ஃபாண்டலின் சொந்த ஊர்: திராட்சை ரகங்களை டி.என்.ஏ. எப்படி அடையாளம் காட்டுகிறது?

திராட்சைத் தோட்டம் போடுகிறவர்கள் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. விதை முளைக்கும், கொடியும் வரும். ஆனால் காய் தாய்க்கொடியைப் போல இருக்காது. மாமரத்தில் எதற்காக ஒட்டுக்கட்டுகிறோமோ அதே காரணத்துக்காகத்தான் திராட்சையில் குச்சி வெட்டி நடுகிறார்கள். கவாத்து செய்யும்போது விழுகிற முதிர்ந்த குச்சியில் நான்கைந்து கணு இருக்கும்படி நறுக்கி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அப்படி வளர்கிற கொடியைப் பழைய கொடியின் பிள்ளை என்று சொல்ல முடியாது. அதே கொடிதான் இன்னோர் இடத்தில் நிற்கிறது.

திராட்சையின் பெயர்க் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. குச்சி சிறியது. ஈரம் காயாமல் சுற்றி வைத்தால் கடல் தாண்டியும் போகும். பெயர்ச்சீட்டு வழியில் எங்கேயோ தொலைந்துபோகும். போய்ச் சேர்ந்த ஊர்க்காரர்கள் தங்கள் வாய்க்கு வந்த பெயரை வைத்துவிடுவார்கள். இத்தாலியில் ஸ்கியாவா க்ரோஸா, ஜெர்மனியில் ட்ரோலிங்கர், இங்கிலாந்தில் பிளாக் ஹாம்பர்க் என்று மூன்று பெயர்களில் வளர்வது ஒரே கொடிதான். இதன் மறுபக்கமும் உண்டு: ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ரகங்கள்.

இந்தச் சிக்கலைப் பல தலைமுறைகளாக இலையைப் பார்த்துத்தான் அவிழ்த்தார்கள். இலையில் எத்தனை மடல், விளிம்புப் பல் கூராக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா, அடிப்பக்கம் ரோமம் உண்டா, துளிர் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்கள். பிரான்சின் மோன்பெலியே நகரில் பியேர் காலே இதைத் தனிப் படிப்பாகவே வளர்த்தார். அந்தப் பள்ளியில் இருந்து வந்த ழான்-மிஷெல் பூர்சிக்கோ 1994 நவம்பரில் சிலி நாட்டுக்குப் போனபோது, அங்கே மெர்லோ என்ற ஒயின் திராட்சை ரகம் என்று எல்லாரும் நம்பியிருந்த கொடிகள் சிலவற்றைப் பார்த்து இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்று சொன்னார். பிரான்சில் ஏறக்குறைய மறைந்தேபோன ரகம் அது. அப்படிப்பட்ட கண்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும். தவிர, மண்ணும் வயதும் நோயும் இலையின் வடிவத்தை மாற்றிவிடும். குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் பார்ப்பதற்கு இலையே இருக்காது.

ஜின்ஃபாண்டல் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் ஊரெல்லாம் பயிராகும் சிவப்பு ஒயின் திராட்சை இது. அமெரிக்காவின் சொந்தத் திராட்சை என்றே விற்றார்கள். உண்மையில் 1820களில் ஐரோப்பாவில் இருந்து கிழக்குக் கரைக்கு வந்து, 1850களில் கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தது. ஆனால் ஐரோப்பாவில் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர் தெரியவில்லை. எந்த ஊரில் இருந்து வந்த கொடி என்பது நூறு ஆண்டுக்கும் மேலாகப் புதிராகவே இருந்தது.

1967-இல் தாவர நோயியல் அறிஞர் ஆஸ்டின் கோஹீன் இத்தாலியின் தெற்கில் உள்ள பாரி நகருக்குப் போனார். அங்கே குடித்த ப்ரிமிட்டிவோ என்ற ஒயின் அவருக்கு ஜின்ஃபாண்டலை நினைவூட்டியது. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் கொடியும் அச்சு அசல் அப்படியே இருந்தது. குச்சிகளைக் கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை. 1975-இல் நொதிகளை ஒப்பிட்டார்கள், 1990களில் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று உறுதியானது. ஆனால் இத்தாலியிலும் அது பூர்வீக ரகம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ப்ரிமிட்டிவோ என்ற பெயர் அங்கே தலைகாட்டுகிறது. சீக்கிரம் பழுப்பதால் வந்த பெயர். சரி, அதற்கு முன்னால் எங்கே இருந்தது? கடலுக்கு அந்தப் பக்கம், குரோஷியாவின் டால்மேஷியக் கரையைத்தான் எல்லாரும் கை காட்டினார்கள்.

அந்தப் பயணத்துக்கு முன்னால், டி.என்.ஏ. ஒப்பீடு என்றால் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

திராட்சையின் மரபுத்தொகுதி, அதாவது அதன் மொத்த டி.என்.ஏ., நான்கே எழுத்துகளால் ஆன, சுமார் 50 கோடி எழுத்து நீளமுள்ள ஒரு வரிசை. 19 குரோமோசோம்களில் பிரிந்து கிடக்கிறது. இதை முழுதும் படித்துத்தான் ரகம் சொல்ல வேண்டும் என்றில்லை. இடையிடையே ஜிஏஜிஏஜிஏ என்று இரண்டு எழுத்து திரும்பத் திரும்ப வருகிற இடங்கள் இருக்கின்றன. மைக்ரோசாட்டிலைட் என்பார்கள். டி.என்.ஏ. நகலாகும்போது இந்த இடங்களில்தான் எண்ணிக்கை எளிதில் தவறும். பாயில் ஒரே மாதிரி கோரையைப் பின்னிக்கொண்டே போகிறவருக்கு ஒரு வரி கூடக் குறைய விழுந்துவிடுகிற மாதிரி. அதனால் ஒரு ரகத்தில் 12 தடவை வருகிற ஜிஏ இன்னொரு ரகத்தில் 17 தடவை வரும். அந்தத் துண்டை மட்டும் பிசிஆர் முறையில் கோடிக்கணக்கில் நகலெடுத்து நீளத்தை அளந்தால் போதும்.

ஒவ்வொரு கொடியிடமும் அந்த இடத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கும்: ஒன்று தாயிடம் இருந்து, ஒன்று தந்தையிடம் இருந்து. ஆக, ஓர் இடத்தை அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். பேச்சுக்கு 230, 244 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஆறு இடங்களை அளந்தால் பன்னிரண்டு எண்கள். அந்தப் பன்னிரண்டும் சேர்ந்ததுதான் அந்த ரகத்தின் கைரேகை. திராட்சையில் இது பலிக்கும் என்று 1993-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் காட்டினார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ், வியன்னா ஆய்வுக்குழுக்கள் மேலும் பல இடங்களைக் கண்டுபிடித்துச் சேர்த்தன. இன்று விவிஎஸ்2, விவிஎம்டி5, விவிஎம்டி7, விவிஎம்டி27, விஆர்இசட்ஏஜி62, விஆர்இசட்ஏஜி79 என்ற ஆறு இடங்களும் உலகம் முழுக்கப் பொது மார்க்கர்கள், அதாவது ரகத்தை அடையாளம் காட்டும் குறியிடங்கள். சந்தேகம் இருந்தால் இன்னும் மூன்று சேர்த்து ஒன்பதாகப் பார்ப்பார்கள்.

மாதிரி எடுப்பது எளிது, ஆனால் கவனம் வேண்டும். கொடியின் நுனியில் இன்னும் முழுக்க விரியாத, கட்டைவிரல் நகத்தளவு இளம் இலையைத்தான் கிள்ளுவார்கள். முற்றிய இலையில் துவர்ப்புப் பொருள்கள் அதிகம். அரைத்ததும் பழுப்பேறி டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்துவிடும். கிள்ளிய இலையை ஐஸில் வைக்க வேண்டும், அல்லது சிலிக்கா ஜெல் போட்ட பையில் உலர்த்த வேண்டும். ஒட்டுக்கொடி என்றால் ஒட்டுக்கு மேலே இருந்து எடுக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் பெரும்பாலான தோட்டங்களில் டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியின் மேல்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். அடியில் இருந்து கிளம்பிய போத்தில் இலை பறித்துவிட்டால் ஆய்வுக்கூடம் டாக்ரிட்ஜ் என்று சரியாகவே சொல்லும். கேட்ட கேள்விதான் வேறாக இருக்கும்.

இலைதான் வேண்டும் என்றும் இல்லை. பனிக்காலத்தில் மொட்டையாக நிற்கும் குச்சியைச் சுரண்டினாலும் போதும். பிழிந்த சாற்றில்கூட எடுத்துவிடலாம். புளித்து, வண்டல் நீக்கி, பாட்டிலில் அடைத்த ஒயினில் இருந்து எடுப்பதுதான் கடினம். அதில் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும்.

இனி டால்மேஷியா. கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற ஒயின் தயாரிப்பாளர் மைக் கிர்கிச் அந்தக் கரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1958-இல் கலிஃபோர்னியா வந்து முதன்முதலாக ஜின்ஃபாண்டல் கொடியைப் பார்த்தபோதே, இது எங்கள் ஊர் ப்ளாவட்ஸ் மாலி ஆயிற்றே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கரோல் மெரெடித் 1998 மே மாதம் குரோஷியா போனார். ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தின் இவான் பெயிச், எடி மலெடிச் இருவரும் அவரோடு சேர்ந்து தீவுகளிலும் கரையோரத் தோட்டங்களிலும் அலைந்தார்கள். ஏறத்தாழ 150 ப்ளாவட்ஸ் மாலி கொடிகளில் இலை சேர்த்தார்கள்.

ஒன்றுகூட ஜின்ஃபாண்டல் இல்லை.

ஆனால் எண்கள் வேறொன்றைச் சொல்லின. ஒவ்வோர் இடத்திலும் ப்ளாவட்ஸ் மாலியின் இரண்டு எண்களில் ஒன்று ஜின்ஃபாண்டலின் எண்ணாக இருந்தது. ஜின்ஃபாண்டலில் 230, 244 என்றால் ப்ளாவட்ஸில் 244, 252. அடுத்த இடத்திலும் ஒன்று பொது. அதற்கடுத்த இடத்திலும் அப்படியே. எங்கேயும் தப்பவில்லை. உடன்பிறப்பு என்றால் இப்படி வராது. அண்ணன் தாயிடம் இருந்து ஒரு பிரதியைப் பெற்றிருப்பான், தம்பி மற்றொன்றைப் பெற்றிருப்பான். சில இடங்களிலாவது இருவருக்கும் பொது எண் இல்லாமல் போகும். இடம் தவறாமல் ஒன்று பொருந்துகிறது என்றால் அது பெற்றோர்-பிள்ளை உறவுதான். இதில் யார் பெற்றவர், யார் பிள்ளை என்பதை இந்த இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. மூன்றாமவர் வேண்டும். ஷோல்டா தீவின் டோப்ரிச்சிச் என்ற ரகம் அந்த மூன்றாமவராகக் கிடைத்தது. ப்ளாவட்ஸ் மாலியில் ஜின்ஃபாண்டலின் எண்களைக் கழித்தால் மிச்சம் நிற்பவை எல்லாம் டோப்ரிச்சிச்சிடம் இருந்தன. ஆக, ப்ளாவட்ஸ் மாலி பிள்ளை, ஜின்ஃபாண்டல் பெற்றோரில் ஒருவர்.

பிள்ளை டால்மேஷியாவில் பிறந்திருக்கிறது என்றால் பெற்றவரும் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இனி எங்கே தேடுவது என்று அந்தத் தோல்வியே சொல்லிக்கொடுத்துவிட்டது. பெயிச்சும் மலெடிச்சும் பெயர் மறந்துபோன பழைய கொடிகள் கலந்து நிற்கும் தோட்டங்களாகப் பார்த்துத் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஸ்ப்லிட் நகருக்குப் பக்கத்தில் காஷ்டெல் நோவி என்ற ஊரில் ஒரு வயதானவரின் தோட்டத்தில் இலை பறித்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதைச் சிர்லியெனாக் காஷ்டெலான்ஸ்கி என்று அழைத்தார்கள். காஷ்டெலாவின் சிவப்பு என்று பொருள். 2001 டிசம்பரில் எண்கள் வந்தன. அத்தனையும் பொருந்தின. ஜின்ஃபாண்டலேதான்.

அந்தத் தோட்டத்தில் அந்த ரகக் கொடி மொத்தம் ஒன்பதுதான் இருந்தது.

அந்த ஒன்பதைப் பிடுங்கிப்போட்டுவிட்டு அவர் ப்ளாவட்ஸ் மாலி நட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பைலோக்சரா பூச்சி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டு வந்ததில் இருந்து, டால்மேஷியாவில் நிறையப் பேர் அப்படித்தான் மாறினார்கள். டி.என்.ஏ. சோதனை என்றதும் இலையைக் கொடுத்தால் இயந்திரம் பெயரைச் சொல்லிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பன்னிரண்டு எண்களைத்தான் சொல்லும். அந்த எண்களுக்கு உரிய பெயர் வேறெங்காவது, ஏற்கெனவே அடையாளம் தெரிந்த ஒரு கொடியில் இருக்க வேண்டும். குற்றம் நடந்த இடத்தில் கைரேகை கிடைத்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவேடு இல்லாவிட்டால் அது வெறும் கோடுதான். அதனால் ஆய்வுக்கூடத்துக்கு இருக்கிற மதிப்பு, பழைய ரகங்களைப் பெயரோடு காப்பாற்றி வைத்திருக்கிற தோட்டங்களுக்கும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜெர்மனியின் கெய்ல்வைலர்ஹோஃப் ஆய்வு மையம் உலகத் திராட்சை ரகங்களின் பெயர்ப் பட்டியலைக் கைரேகையோடு சேர்த்துப் பராமரிக்கிறது. நமக்கு அருகே, புனேயை ஒட்டிய மாஞ்சரியில் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் ரகங்களைத் திரட்டி வளர்க்கிறது.

தேடல் அங்கேயும் நிற்கவில்லை. ஓமிஷ் என்ற ஊரில் ப்ரிபிட்ராக் என்ற பெயரில் இன்னும் சில கொடிகள் கிடைத்தன. பழைய ஆவணங்களில் ட்ரிபிட்ராக் என்ற பெயர் 15-ஆம் நூற்றாண்டில் இருந்தே வருகிறது. அதுவும் இதுவும் ஒன்றா? ஸ்ப்லிட் அருங்காட்சியகத்தில் அழுத்திக் காயவைத்த, ஏறத்தாழ 90 ஆண்டுப் பழைய ட்ரிபிட்ராக் இலை ஒன்று இருந்தது. அதில் இருந்து டி.என்.ஏ. பிரித்து, 2011-இல் வெளியான ஆய்வில் இதுவும் அதே கொடிதான் என்று காட்டினார்கள். பெயர்ச்சீட்டோடு பத்திரமாக இருந்த ஒற்றை இலை.

பெற்றோரைக் கண்டுபிடிக்கும் இதே கணக்கு வேறு சில கதைகளையும் திறந்துவிட்டது. கபர்னே சாவிஞ்ஞோன் என்ற பேர்பெற்ற கறுப்புத் திராட்சை, கபர்னே ஃப்ராங்க் என்ற கறுப்பும் சாவிஞ்ஞோன் ப்ளாங்க் என்ற வெள்ளையும் கலந்து பிறந்தது என்று 1997-இல் பவர்ஸும் மெரெடித்தும் காட்டினார்கள். பெயரிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஆனாலும் யாரும் எதிர்பார்க்கவில்லை. 1999-இல் ஷார்டொனே உட்பட 16 பிரெஞ்சு ரகங்கள் ஒரே ஜோடிக்குப் பிறந்தவை என்று தெரிந்தது. ஒருவர் பினோ. மற்றவர் கூவே ப்ளாங்க், தரமில்லாதது என்று ஒதுக்கி வைத்த குடியானவர் திராட்சை.

பதிவேடே தவறாக இருந்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. அல்பரீன்யோ என்று ஸ்பெயினின் ரகச் சேகரிப்பில் இருந்து வந்த குச்சிகளை நம்பி அங்கே பலர் தோட்டம் போட்டார்கள், பாட்டிலில் பெயரும் அச்சடித்தார்கள். முன்பு சிலியில் கார்மெனேரைக் கண்டுபிடித்த அதே பூர்சிக்கோ 2008-இல் வந்து பார்த்துச் சந்தேகப்பட்டார். 2009-இல் சோதனை முடிவு வந்தது: அது பிரான்சின் சாவஞ்ஞேன். ஒரு கொடி காய்ப்புக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும். நட்டு, வளர்த்து, சந்தை பிடித்த பிறகு உங்கள் சரக்கின் பெயர் வேறு என்றால் ஒரு விவசாயிக்கு எப்படி இருந்திருக்கும்.

அந்தச் சாவஞ்ஞேனுக்கும் ஒரு பெரிய கதை உண்டு. பிரான்சின் ஓர்லியோன் நகரில் அகழ்ந்தெடுத்த, சுமார் 900 ஆண்டுப் பழைய திராட்சை விதை ஒன்றை ஆராய்ந்தபோது அதன் மரபுத்தொகுதி இன்றைய சாவஞ்ஞேனோடு அப்படியே பொருந்தியது. 2019-இல் வெளியான ஆய்வு. இடையில் ஒரு தலைமுறைகூட விதையில் இருந்து வரவில்லை. குச்சி வெட்டி, நட்டு, மறுபடி வெட்டி, 900 ஆண்டுகளாக ஒரே கொடியைக் கைமாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்துக்குள்ளும் ஒரு சங்கடம் இருந்தது. இங்கே 230 என்று அளப்பது இன்னொரு இயந்திரத்தில் 232 என்று வரும். ஏழு நாடுகளைச் சேர்ந்த பத்து ஆய்வுக்கூடங்கள் ஒரே 46 ரகங்களைத் தனித்தனியே அளந்து பார்த்து, 2004-இல் இதற்கு ஒரு வழி சொல்லின. தெரிந்த ரகங்கள் சிலவற்றையும் கூடவே வைத்து ஓட்டி, அவற்றோடு ஒப்பிட்டு மட்டுமே எண்ணைக் குறிக்க வேண்டும். கடைக்காரர் தராசில் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கிற மாதிரிதான்.

இந்த மார்க்கர்களால் முடியாத காரியமும் உண்டு. பினோ நுவார் கறுப்பு, பினோ கிரி சாம்பல், பினோ ப்ளாங்க் வெள்ளை. கண்ணுக்கு மூன்றும் வேறு வேறு, கைரேகை ஒன்றே. எங்கேயோ ஒரு கிளையில் நிற மரபணு பழுதாகி, அந்தக் கிளையை வெட்டி நட்டதில் வந்தவை இவை. மைக்ரோசாட்டிலைட்டுகள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. பினோ மூனியே இன்னும் விசித்திரம். துளிர் மாவு தூவியது போல வெள்ளை ரோமத்தோடு இருக்கும். மூனியே என்றாலே மாவு அரைப்பவர். மாற்றம் கொடியின் வெளித்தோல் அடுக்கில் மட்டும்தான், உள்ளே இருப்பது சாதாரண பினோ. ஆஸ்திரேலியாவில் அந்த வெளி அடுக்கை மட்டும் தனியே வளர்த்துப் பார்த்தபோது, பற்றுக்கம்பி வர வேண்டிய இடத்திலெல்லாம் பூங்கொத்து வரும் ஒரு குட்டைத் திராட்சைச் செடி கிடைத்தது. 2002-இல் வெளியான ஆய்வு இது.

நம் கடைகளில் விற்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சையிலும் இதே சிக்கல்தான். தாம்சன் சீட்லெஸ் கொடியில் தானாக வந்த மாற்றங்களைக் கண்டு, மகாராஷ்டிர விவசாயிகள் தாஸ்-ஏ-கணேஷ், சோனாக்கா, மாணிக் சமன் என்று பிரித்து எடுத்தார்கள். நீண்ட காயைப் பார்த்ததும் விவசாயி சோனாக்கா என்பார். ஆறு மார்க்கர் போட்டால் தாம்சன் குடும்பம் என்பதோடு நின்றுவிடும். இத்தகைய நுண்ணிய வேறுபாட்டைப் பிடிக்க மரபுத்தொகுதியை முழுதாகவோ பெரும்பகுதியாகவோ படித்தாக வேண்டும்.

அப்புறம், நம் பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் பந்தல் பந்தலாக விளைகிறது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோட்டக்கலையில் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். அதன் பெற்றோரையும் டி.என்.ஏ. உறுதி செய்திருக்கிறது: மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா ஒருவர், முதலில் சொன்ன அந்த ஸ்கியாவா க்ரோஸா மற்றவர். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்டு இன்றும் காய்க்கிற பெருங்கொடி ஸ்கியாவா க்ரோஸாதான். நம் பழத்தின் பெற்றவர்களில் ஒருவரை அங்கே போய்ப் பார்க்கலாம்.

இங்கே ஒரு கணக்கு உதைக்கிறது. பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று எங்கும் சொல்கிறார்கள். மஸ்கட் ஹாம்பர்க்கோ 1850-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் சியூவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் உருவாக்கியது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு ரகமாக இருந்து, பன்னீர் பிறகு வந்திருக்கலாம். அல்லது ஆண்டு பிசகியிருக்கலாம். ஆண்டை எந்த மார்க்கரும் சொல்லாது. ஆனால் அந்தப் பக்கத்துப் பழைய வீட்டுக் கொல்லையிலோ கோயில், மாதா கோவில் வளாகத்திலோ பெயர் தெரியாத திராட்சைக்கொடி ஒன்று இன்னும் நின்றால், அது பன்னீரா, அதற்கு முந்தி வந்த வேறொன்றா என்று சொல்லிவிடலாம். வெட்டுவதற்கு முன்னால் ஒரு நுனி இலை கிடைத்தால் போதும்.